நல்லா இருக்கு சார்

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி. இப்படி ஜன்னல் பக்கம் வாங்க. வெளிச்சம் உங்க மூஞ்சில விழணும். என் மூஞ்சில விழுந்து என்ன ஆகப்போவுது, இந்த வயசுல. ஆங், அங்கதான். ஃபைலை மடியில வெச்சுக்குங்க, வாய்க்கு நேராத் தூக்காதீங்க. இன்னொண்ணு, தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்த மீசை. மேலுதட்டை முழுக்க மூடியிருக்கு. கொஞ்சம் ஒதுக்கி விட்டா எனக்குப் படிக்க வசதி. ஆமா, படிக்கத்தான். உங்க வாயை.

இப்ப கேளுங்க.

மறுபடி. என்னது, மனமா பணமா? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. பாவும் மாவும் ரெட்டைப் பிள்ளைங்க, உதட்டுல வித்தியாசமே தெரியாது. அப்பாவும் அம்மாவும் ஒண்ணு. மருந்தும் பருந்தும் ஒண்ணு. உங்க ஆபீஸ்ல ஒரு அம்மா என்கிட்ட, எவ்வளவு மனம் எதிர்பாக்கறீங்கன்னு கேட்டாங்க. அசந்துட்டேன். அரசாங்கத்துல இப்படியும் ஒரு ஆத்மா இருக்கேன்னு கண்ணு கலங்கிருச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த அம்மா கேட்டது பணம்.

வேண்டாம்னு யாரு சொன்னா? குடுத்தா வாங்கிப்பேன். நான் என்ன சாமியாரா. ஆனா மனுவுல நான் கேட்டிருக்கறது அது இல்ல. கருவி. தலைக்குள்ள ஒரு துண்டு, காதுக்குப் பின்னால ஒரு துண்டு வெப்பாங்களே, அது. இடது காதுக்கு ஆகாதாம், நரம்பே செத்துப் போச்சாம். வலது காதுல நரம்பு இன்னும் உயிரோட இருக்காம். ஆனா வலது காதைக் கெடுத்தது உங்க ஆஸ்பத்திரிதான்னு உங்க ஆபீஸ் ஒத்துக்கிட்டாத்தான் வெப்பாங்களாம். இல்லேன்னா நானா வாங்கணும். இந்த வீட்டை வித்தாலும் அதோட ஒயரு கூட வராது. அவ்வளவுதான் விஷயம். இதுக்கு எதுக்கு இவ்வளவு தடி ஃபைலு?

ஏன் இத்தனை வருஷம் கழிச்சுன்னா? அது அப்புறம். முதல்ல காது.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். கடுதாசில என்னமோ மதிப்பீடுன்னு பெரிய பேரு போட்டிருக்கு. கெழவன் நிஜமாவே செவிடா, இல்ல நடிக்கறானான்னு பாத்துட்டு வான்னு அனுப்பியிருக்காங்க. அப்படியே சொல்லுங்களேன், எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. உங்களுக்கு முன்னால ஒருத்தரை அனுப்பினாங்க. தட்டு ஆபீசர்னு அவருக்குப் பேரு வெச்சிருக்கேன். நல்லா சிரிச்சுப் பேசினாரு, டீ குடிச்சாரு, வீடு அம்சமா இருக்குன்னாரு. அப்படியே நடந்து எனக்குப் பின்னால போனாரு. போயி, மேஜை மேல இருந்த என் சில்வர் தட்டை எடுத்துக் கீழ போட்டாரு.

தட்டு விழுந்தா தரை அதிரும். என் காலுக்குக் கேக்கும். திரும்பிப் பாத்தேன். உடனே எழுதிட்டாரு, சத்தம் கேட்டுத் திரும்பினார்னு. அதைக் காட்டித்தான் மனுவைத் தள்ளினாங்க, நான் மறுபடி போட்டேன். நான் என்ன பண்ணியிருக்கணும்ங்கறீங்க? என் வீட்டுல, என் தட்டை, எவனோ கீழ போடறான், நான் கம்முனு சுவத்தைப் பாத்துட்டு நிக்கணுமா? சுவத்துக்கே காது இருக்காம். எனக்குத்தான் இல்ல.

நீங்க தட்டைத் தேட வேண்டாம். எடுத்து உள்ள வெச்சிட்டேன்.

இதுல என் நெலமையைப் பாருங்க. நீங்க கேக்கறதுக்குச் சரியா பதில் சொன்னேன்னா, நல்லாத்தான் கேக்குதுன்னு எழுதிருவீங்க. தப்பா சொன்னேன்னா, விசாரணைக்கு ஒத்துழைக்கலன்னு எழுதுவீங்க. செவிடனா இருக்கறதுக்குக் கூட ஒரு சாமர்த்தியம் வேணும்போல. செவிடன் காதுல ஊதின சங்குன்னு சொல்றாங்களே, அரசாங்கத்துக்கு மனு போடறதுக்கு அதைத்தான் உதாரணம் காட்டறாங்க. எனக்கு மானக்கேடா இருக்கு. நான் அவ்வளவு மோசம் இல்ல.

சரி, இடது காது. அதுல தகராறே இல்ல. அது போர்ல போனது, ஃபைல்லயே இருக்கும். நான் பீரங்கிப் படை. பீரங்கிக்கு வலது பக்கம் என் இடம், குண்டை எடுத்து நீட்டறது வேலை. அதனால இடது காது எப்பவும் அதுகிட்டயே இருக்கும். காதைக் காப்பாத்திக்கப் பஞ்சு குடுத்தாங்க. பஞ்சு தம்பி. பீரங்கிக்கு. கொட்டற மழைக்குச் சீப்பைத் தூக்கிப் பிடிச்ச மாதிரி. எங்க குழுவுல ஒட்டடைக்குச்சின்னு ஒரு நெட்டையன், அவன் அந்தப் பஞ்சைச் சேத்து வெச்சு ஒரு தலகாணி பண்ணிட்டான். அவன்தான் புத்திசாலி. காதும் போச்சு, ஆனா நல்லாத் தூங்கினான்.

நான் ஒரு காதோட வீட்டுக்கு வந்தேன். ஒரு காது போதும் தம்பி மனுஷனுக்கு. பிடிக்காத ஆளுங்களை இடது பக்கம் உக்கார வெச்சுக்கலாம். ஆனா அந்தக் காது சும்மா இருக்கல. சீழு. நாத்தம். வீட்டுக்காரி தலகாணியைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டா. போயிக் காட்டிட்டு வான்னா. நான் போகல. சரி, நான் படுக்கையை வராந்தாவுல போடறேன்னா. போனேன்.

எங்கயா? வேற எங்க, பட்டறைக்குத்தான். ஓ, உங்களுக்குத் தெரியாதா. முன்னாள் ராணுவத்தாருக்குன்னு அரசாங்கம் ஒரு ஆஸ்பத்திரி வெச்சிருக்கே, அதுக்கு நாங்க வெச்ச பேரு. நசுங்கினதைத் தட்டி நிமிர்த்தறது, ஓட்டைய அடைக்கறது, மிச்சத்துக்குப் பெயிண்ட் அடிச்சு வீட்டுக்கு அனுப்பறது. காசு வாங்கறதில்ல, வேலையும் அதுக்குத் தகுந்த மாதிரிதான். இந்தத் தெருக்கோடியில, பட்டாளத்துல வண்டி ஓட்டினவர் ஒருத்தரு இருக்காரு. பட்டறைல அவருக்குக் குடுத்த பல்லுசெட்டு வேற எவனோடதோ. போட்டாருன்னா சும்மாவே சிரிச்ச மூஞ்சியா இருக்கும். சாவு வீட்டுக்குப் போனா கழட்டிப் பையில போட்டுக்குவாரு.

அங்க டாக்டர் பாத்தாரு. சின்ன ஆபரேஷன், எலும்பைக் கொஞ்சம் குடையணும், சீழு நின்னுரும்னாரு. நல்ல மனுஷன்தான். அவரைத் திட்ட நான் இதைச் சொல்லல. தோள்ல பட்டை போட்ட டாக்டர், அதை நெனப்புல வெச்சுக்குங்க. வெள்ளைக் கோட்டுக்குள்ள யூனிஃபார்ம்.

என்னைப் படுக்க வெச்சாங்க. ஊசி போட்டாங்க. கண்ணு சொருகுது, ஆனா முழுசா போகல. டாக்டர் கையைத் துடைச்சுக்கிட்டே வராரு, நர்ஸ்கிட்ட எந்தக் காதுன்னு கேக்கறாரு. நர்ஸ் லெஃப்ட்டுங்குது. அவரு கொஞ்சம் சத்தமா, லெஃப்ட், அப்படீன்னாரு. நர்ஸுக்குத்தான் சொன்னாரு, சரி லெஃப்ட்டான்னு உறுதி பண்ணிக்கிட்டாரு.

என் உடம்புக்கு அது தெரியுமா? பட்டை போட்டவன் லெஃப்ட்டுன்னான். இருபது வருஷம் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம். நான் இடது பக்கமாத் திரும்பிட்டேன்.

என்ன யோசிக்கறீங்க? இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா மேல எந்தக் காது வரும்?

ம். அதேதான். வலது.

தொட்டுப் பாத்துக்காதீங்க, எல்லாரும் இந்த இடத்துல தொட்டுப் பாத்துக்குவாங்க. அழகாத் திரும்பினேன் தம்பி. காலு கூட சேந்து இருந்துதாம், கையை ஒட்டி வெச்சிருந்தேனாம், நர்ஸ் அப்புறம் வீட்டுக்காரிகிட்ட சொன்னாங்க. நோயாளியை யாரோ சரியாத் திருப்பி வெச்சிருக்காங்கன்னு நெனச்சாங்களாம். மேல பச்சைத் துணி போட்டாங்க. துணியில ஒரு ஓட்டை, ஓட்டைல ஒரு காது. எந்தக் காதுன்னு அது வாயைத் திறந்து சொல்லுமா? குடைஞ்சாரு. பாதிக்கு மேல குடைஞ்சப்புறம், என்னடா சீழே காணோமேன்னு யோசிச்சாராம். நல்லா இருந்த காதுல எங்கேருந்து சீழு வரும். வேலில போற ஓணானை எடுத்துக் காதுல விட்டுக்கிட்டேன் நான். வேட்டியில விட்டிருந்தாலாவது உதறியிருக்கலாம்.

அதைத்தான் உங்க ஆபீஸ்ல பிடிச்சுக்கிட்டாங்க. நோயாளி தானாகவே திரும்பிப் படுத்ததால் பொறுப்பு நோயாளியையும் சாரும். படிச்சீங்களா? சாருமாம். உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சதுக்கு எனக்கு மெடல் குடுத்திருக்காங்க, அந்த அலமாரியில இருக்கு, பாருங்க. அதே கீழ்ப்படிதலுக்கு இப்ப தண்டனை. ஏதாவது ஒண்ணுல நில்லுங்கப்பா.

இன்னும் இருக்கு. கூத்து அதோட முடியல.

கண்ணு முழிச்சேன். ஒரே அமைதி. தலை முழுக்கக் கட்டு. கட்டாலதான் கேக்கலன்னு நெனச்சேன். அடுத்த நாள் கட்டைப் பிரிச்சாங்க. டாக்டர் வந்து கட்டிலுக்கு முன்னால நின்னு என்னமோ கேட்டாரு. வாய் அசையுது. சத்தமே வரல. மேலதிகாரி முன்னால நின்னு வாயை அசைச்சா எங்காளுக்கு ஒரே பதில்தான் தம்பி. சாப்பாடு எப்படி? நல்லா இருக்கு சார். பூட்ஸ் எப்படி? நல்லா இருக்கு சார். கால்ல குண்டு பாய்ஞ்சவன் கிட்ட ஜெனரல் வந்து எப்படிப்பா இருக்கேன்னு கேட்டாரு, அவனும் நல்லா இருக்கு சார்னுதான் சொன்னான், அப்புறம்தான் மயக்கம் போட்டான். அது பதில் இல்ல, தும்மல் மாதிரி, தானா வரும்.

படுத்தபடியே விறைச்சுக்கிட்டு சொன்னேன், நல்லா இருக்கு சார்.

டாக்டர் கேட்டது என்ன தெரியுமா? காது கேக்குதா.

எழுதிட்டாங்க. வலது காது நன்றாகக் கேட்பதாக நோயாளியே கூறினார். அவரு தெனம் வந்தாரு, தெனம் கேட்டாரு, தெனம் நான் நல்லா இருக்கு சார். இப்ப உங்க கையில இருக்கற ஃபைல்ல பாதி, நான் சொன்ன நல்லா இருக்கு சார்தான். என்னை மாதிரி ஒரு சந்தோஷமான நோயாளியைப் பட்டறை பாத்திருக்காது.

சிரிங்க, சிரிங்க. சிரிச்சா வாய் அகலுது, எனக்கும் நல்லதுதான்.

யாரு கண்டுபிடிச்சான்னா? வீட்டுக்காரி. பாக்க வந்தா. நான் ஜன்னலைப் பாத்து உக்காந்திருக்கேன், அவ பின்னாலேருந்து கூப்பிட்டிருக்கா. திரும்பல. கோவமா இருக்கேன்னு நெனச்சு இன்னும் ரெண்டு கூப்பிட்டிருக்கா. வார்டே திரும்பிப் பாத்துதாம், நான் பாக்கல. சுத்தி முன்னால வந்தா. கையில இருந்த ஃப்ளாஸ்கைக் கீழ வெச்சா. என்னை உத்துப் பாத்தா. அப்புறம் ஒரு வார்த்தை சொன்னா, எனக்கு வெறும் வாய். சொல்லிட்டு என் தோள்ல ஒரு அடி போட்டா பாருங்க, தையல் மிஷின் மிதிச்ச உடம்பு, சாதாரண அடி இல்ல. அழல. நேரா டாக்டர் ரூமுக்குப் போயிட்டா. அங்க என்ன பேசினான்னு எனக்குத் தெரியாது. ஆனா அதுக்கப்புறம் அந்த டாக்டர் என் வார்டுப் பக்கம் வரவே இல்ல.

அவ போகச் சொல்லித்தான் நான் போனேன்னு சொன்னேன் இல்ல. அதை அவகிட்ட நான் ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்ல. சண்டையில கூட. அதையும் எழுதிக்குங்க. வேண்டாமா? சரி.

இந்த வாய் படிக்கற வித்தை அவ குடுத்ததுதான். வேற எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கறான்? இதே ஜன்னல். நீங்க உக்காந்திருக்கற இடத்துல அவ, இங்க நான். முதல்ல திட்டு. திட்டுதான் சுலபம், வாய் நல்லா அகலும், மூஞ்சியும் சேந்து பேசும். அதுலயே நான் பாதி பாஷை கத்துக்கிட்டேன். அப்புறம் பேரு, காய்கறி, கிழமை. பணம்னு சொன்னா எனக்கு மனம்னு தெரியுதுன்னு, அந்தச் சொல்லையே விட்டுட்டா. துட்டுன்னுவா. துட்டுன்னா உதடு குவியும், தப்பே வராது. அப்பான்னா விரலால மூக்குக்குக் கீழ ஒரு மீசை, அம்மான்னா ஒண்ணும் இல்ல. மருந்துக்கு உள்ளங்கையைத் தொட்டுக் காட்டுவா. பருந்தைப் பத்தி எங்களுக்குப் பேச்சே வந்ததில்ல, அது ஒரு நல்ல காலம்.

அவ துணி தைக்கறவ. வாயில குண்டூசியைக் கவ்விக்கிட்டுத் தெச்சான்னா அன்னிக்கு எனக்கு லீவு.

கொஞ்ச நாள்ல சத்தத்தையே விட்டுட்டா தம்பி. எனக்குத்தான் கேக்காதே, எதுக்கு வீணா தொண்டையைக் கிழிச்சுக்கணும்னு. வெறும் உதடுதான். எங்க வீட்டுல சண்டை நடந்தா பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. பெரிய பெரிய சண்டையெல்லாம் கொட்டாவி விடற சத்தம் கூட இல்லாம நடந்திருக்கு. நான் தோக்கற மாதிரி இருந்தா கண்ணை மூடிக்குவேன். அவ்வளவுதான், பேச்சு நின்னுரும். வேற எந்தப் புருஷனுக்குக் கெடைக்கும் அந்தக் கொடுப்பினை? அவ வந்து இமையைப் பிடிச்சு இழுத்துத் தெறந்து மிச்சத்தையும் திட்டுவா. அது வேற.

வெளிய போனா இன்னும் கொண்டாட்டம். கூட்டத்துல அவ அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. பக்கத்துல நிக்கறவங்களைப் பத்தியே எனக்குச் சொல்லுவா, உதட்டை லேசா அசைச்சு. இந்தாளு கடன் கேக்க வந்திருக்காரு, எழுந்து போயிரு. அந்தம்மா போட்டிருக்கற ஜாக்கெட் நான் தெச்சது, கூலி இன்னும் வரல. ஒருத்தருக்கும் தெரியாது. முடி வெட்டறவன் கடைல கண்ணாடில வாயைப் பாத்துப் பேசுவேன், அவன் அதிசயப்படுவான். நான் செவிடுன்னு இந்தத் தெருவுல பாதிப் பேருக்குத் தெரியாது. கொஞ்சம் திமிர் பிடிச்ச ஆளுன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. அதுவும் தப்பில்ல.

அப்புறம் என்னத்துக்கு மனுன்னா? அது அப்புறம்னு சொன்னேன் இல்ல.

நீங்க என்னை நம்பல. தெரியுது. உதட்டைப் படிக்கறவன் கண்ணையும் படிப்பான். கெழவன் இவ்வளவு நேரம் டாண் டாண்ணு பதில் சொல்றானே, இவனா செவிடுன்னு யோசிக்கறீங்க. சரி, ஒண்ணு பண்ணுங்க. ஃபைலைத் தூக்கி வாயை மறைச்சுக்குங்க. நல்லா. மூக்கு வரைக்கும். இப்ப என்ன வேணும்னாலும் கேளுங்க. கஷ்டமான கேள்வியாவே கேளுங்க.

கேட்டாச்சா? முடிஞ்சுதா? ஃபைலு ஆடறது நின்னுருச்சு, அப்ப முடிஞ்சுது.

பதில் சொல்றேன். நல்லா இருக்கு சார்.

ஏன் இப்படி முழிக்கறீங்க? என்ன கேட்டீங்க? மெதுவா. உங்களுக்கு... எத்தனை... பிள்ளைங்க. ஓ. அது ஒரு மக. வெளியூர்ல இருக்கா. நல்லாத்தான் இருக்கா, அதனால நான் சொன்னது முழுப் பொய் இல்ல.

காது குத்தற வேலை எனக்கு வராது தம்பி. ஏற்கெனவே எனக்குப் பெரிசாக் குத்தியாச்சு.

நான் இவ்வளவு பேசற ஆளும் இல்ல. பட்டாளத்துல என்னை ஊமையன்னுதான் கூப்பிடுவாங்க. காது போனப்புறம்தான் வாய் வந்துது. ஏன்னா நான் பேசற வரைக்கும் எனக்குக் காது வேண்டாம் பாருங்க. அடுத்தவன் வாயைத் தெறந்தாத்தான் நான் செவிடு. அதனால யாரு வந்தாலும் விடாம நானே பேசிடறது. இது ஒரு யுக்தி.

இல்ல, பட்டறைல மறுபடி படுக்கறதுக்குப் பயம் இல்ல. இந்தத் தடவை காதுமேலயே மையால எழுதிட்டுப் போவேன், இதுதான்டா அதுன்னு. கை காலைக் கட்டிப் போடச் சொல்லுவேன். எவன் லெஃப்ட் ரைட்டுன்னாலும் திரும்ப மாட்டேன். யாரு வேணும்னாலும் குடையட்டும். அந்தப் பழைய டாக்டர் உயிரோட இருந்தா அவரே வரட்டும், எனக்குப் பகை இல்ல.

என்ன? எங்க பாக்கறீங்க?

இல்ல, இப்ப நீங்க சட்டுனு திரும்பினீங்க. தட்டெல்லாம் ஒண்ணும் விழல, தரை அதிரல. நீங்க அந்த ரூம் கதவைப் பாத்தீங்க. சத்தமா? மறுபடி சொல்லுங்க. உள்ள யாரோ. உள்ள யாரோ பேசறாங்க.

அப்ப முழிச்சிட்டா. மாத்திரை போட்டுத் தூங்கிட்டிருந்தா, சாயந்திரம்தான் எழுந்துக்குவான்னு நெனச்சேன்.

உக்காருங்க, ஒரு நிமிஷம். வீட்டுக்காரிதான். பேசறான்னா சத்தம் வருதா? நல்லா வருதா? ம். பாத்துக்க வர்ற அம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க. இத்தனை வருஷம் சத்தமே இல்லாம பேசினவ, இப்ப சத்தமா பேசறாளாம். எனக்கெங்க தெரியும்.

பக்கவாதம் தம்பி. தைக்க உக்காந்தவ மிஷின் மேலயே சாஞ்சுட்டா. வலது கை போச்சு, எழுதிக் காட்ட முடியாது. காலும் போச்சு. அதெல்லாம் பரவாயில்ல, தூக்கி உக்கார வெக்கறேன், ஊட்டி விடறேன், அதுக்கெல்லாம் எனக்குத் தெம்பு இருக்கு. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. இந்தப் பாதி அசையுது, அந்தப் பாதி அசையல. உதடு ரெண்டும் ஒட்டவே மாட்டேங்குது. பாவும் இல்ல, மாவும் இல்ல, துட்டும் இல்ல. உலகத்துல எவன் வாயை வேணும்னாலும் படிக்கறேன். உங்க மீசையைத் தாண்டிக் கூட படிச்சிட்டேன். அவளோடது ஒண்ணுதான் இப்ப எனக்கு விளங்கல.

ஆஸ்பத்திரிலேருந்து வந்ததுலேருந்து ஒரே விஷயத்தைத்தான் சொல்றா. அது எனக்குத் தெரியுது. வேற வேற இல்ல, ஒரே வாக்கியம், அதே நீளம். முடிக்கறப்ப என்னைப் பாக்கறா, புரிஞ்சுதாங்கற மாதிரி. தண்ணி குடுத்தேன், தலையைத் திருப்பிக்கிட்டா. போர்வை குடுத்தேன். கண்ணாடி கொண்டு போனேன். மக ஃபோட்டோவைக் காட்டினேன். கட்டிலையே ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். ஒவ்வொண்ணுக்கும் கண்ணை மூடிக்கறா. அந்தக் கண்ணை மூடற வேலை என்னுது, அவ எடுத்துக்கிட்டா. பாத்துக்க வர்ற அம்மாவைக் கேட்டா, பாவம், ஏதோ கொழறுது ஐயா, தண்ணி கேக்கறாங்க போலங்கறாங்க. தண்ணி இல்லம்மா, தண்ணி இல்ல. மக வந்து நின்னா அவ பேசறதே இல்ல, மக கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவா. நான் மட்டும் இருக்கறப்பதான் சொல்றா. எனக்குத்தான் அது.

நாலு டாக்டர் சொல்லிட்டாங்க, பேச்சு கொஞ்சம் கொஞ்சமாத் தெளிவாகும், கேக்கறவங்க பொறுமையாக் கேட்டுப் பழகிக்கணும்னு. கேக்கறவங்க. என்கிட்டயே சொல்றாங்க. நானும் என்ன சொல்லியிருப்பேன்னு உங்களுக்குத் தெரியும்.

இதான் தம்பி. ஏன் இத்தனை வருஷம் கழிச்சுன்னு கேட்டீங்களே. இத்தனை வருஷமா எனக்குக் காது தேவைப்படல.

ஃபைல்ல நீங்க என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க. பொறுப்பு என்னையும் சாரும்னே எழுதுங்க. ஆனா அதை இப்ப மூடி வெச்சிட்டு எழுந்திருங்க. உங்க வேலையே காது பாக்கறது, கொழறினாலும் உங்களுக்குப் பிடிபடும். உள்ள போயிக் கட்டில் பக்கத்துல குனிஞ்சு நின்னு கேளுங்க. இன்னும் பேசறாளா? பேசறாளா இல்லியா, தலையை ஆட்டுங்க. நல்லது. நான் கதவுகிட்டயே நிக்கறேன், என்னைப் பாத்துட்டுத்தான் அவ சொல்லுவா. கேட்டுட்டு இங்க வெளிச்சத்துக்கு வந்து, அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க. எழுதிக் குடுக்க வேண்டாம். திட்டாத்தான் இருக்கும், திட்டுன்னா ஒரு வார்த்தை கொறைக்காம சொல்லுங்க.

சீக்கிரம் போங்க தம்பி. அவ நிறுத்திட்டாக்கூட எனக்குத் தெரியாது.